விரல் கையுறை வாங்கும் முன்: வில்லாளர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நாணை இழுக்கும் கைக்கு அணியும் விரல் கையுறையைப் பற்றியே அமைந்துவிட்டன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன். கப்பிகள் பொருத்தி, நாணை விடுவதற்கு விசைக்கருவியைப் பயன்படுத்தும் காம்பவுண்டு வில்லுக்கு இந்த விடைகள் பொருந்தா. நெடுவில், முனைகள் வெளிப்புறமாக வளைந்த ரீகர்வ் போன்ற மரபு வில்களை வெறும் கைவிசையால் இழுத்து விரலால் விடுபவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 30 பவுண்டு இழுவிசையுள்ள ரீகர்வ் வில்லில் பயிற்சி தொடங்கியிருக்கிறேன். உடன் பயில்பவர்களில் சிலர் மூன்று விரல் கையுறை அணிகிறார்கள். சிலர் டேப் எனப்படும் தட்டையான தோல் துண்டை விரல்களின் உட்பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள். நான் எதை வாங்குவது?

பதில்: இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். நாணின் அழுத்தத்தால் விரல் தோலும் அதன் அடியில் ஓடும் நரம்புகளும் நோகாமல் காப்பது அதில் ஒரு பாதி. விரல்கள் தளரும் கணத்தில் நாண் எங்கும் சிக்காமல், எத்தனை முறை எய்தாலும் ஒரே விதமாக வழுக்கி வெளியேறுவதற்கு ஏற்ற பரப்பைத் தருவது மறு பாதி. வாங்க வருபவர்களில் பலர் முதல் பாதியை மட்டும் எண்ணிக் கடையில் இருப்பவற்றிலேயே மிகத் தடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள். அம்பு எங்கே போய்த் தைக்கிறது என்பதைப் பெரிதும் முடிவு செய்வதோ இரண்டாம் பாதி.

டேப்பில் மூன்று விரல்களுக்கும் முன்னால் ஒரே தோல் பரப்பு இருப்பதால், விரல்கள் ஒன்றாகத் திறக்கின்றன. நாணும் ஒரே பரப்பிலிருந்து நழுவுகிறது. கையுறையில் மூன்று விரல்களுக்கும் மூன்று தனிக் கூடுகள் உள்ளன. அவற்றில் ஒன்றின் தோல் சற்றே தொய்ந்திருந்தாலும், ஒரு விரல் மற்ற இரண்டைவிடச் சற்றே தாமதமாகத் திறந்தாலும், அந்த வேறுபாடு நாணுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே தூய விடுகையைப் பழகுவதற்கு டேப் எளிது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை விரல் நீளத்துக்கு ஏற்பக் கத்தரித்துக்கொள்ளவும் முடியும்.

ஆனாலும் கையுறையை விரும்புபவர்களிடம் நியாயம் இருக்கிறது. அதை அணிந்துவிட்டால் கையில் இருப்பதே நினைவில் நிற்காது. அம்பறாத்தூணியிலிருந்து அம்பை எடுக்கலாம், இலக்கிலிருந்து பிடுங்கலாம், புதரை விலக்கலாம். ஒவ்வொன்றுக்கும் டேப்பைப் புறங்கைக்குத் தள்ளி, பிறகு மறுபடியும் சரி செய்ய வேண்டிய தொல்லை இல்லை. நாண் எந்த விரலில் எவ்வளவு சுமை வைக்கிறது என்பதும் நல்ல கையுறையில் தெளிவாக உணரப்படும். ஒரே கோட்டில் நின்று ஒரே இலக்கை நோக்கி எய்வதுதான் உங்கள் விருப்பம் என்றால் டேப்பை வாங்குங்கள். நடந்து சென்று மேட்டிலும் பள்ளத்திலும் நின்று எய்யும் களப் போட்டிகள் உங்களை ஈர்க்கின்றன என்றால் கையுறையை வாங்குங்கள். எதை வாங்கினாலும் முதல் சில மாதங்கள் அதிலேயே நில்லுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி அணிந்தால், பிழை உங்கள் விரலிலா தோலிலா என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

போட்டி விதிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விரல் காப்பில் நாணைப் பிடித்துக்கொள்ளவோ இழுக்கவோ விடவோ உதவும் கருவி எதுவும் இருக்கக் கூடாது என்பதே அடிப்படை விதி. எளிய தோல் கையுறை அதை மீறுவதில்லை. டேப்பில் குறிகளோ தட்டுகளோ இருந்தால்தான் பிரிவுக்குப் பிரிவு கேள்விகள் எழும்.

கேள்வி: மரபு வில் என்றால் வெறும் விரலால்தான் எய்ய வேண்டும், கையுறை பிற்காலத்துச் சொகுசு என்று எங்கள் குழுவில் ஒருவர் வாதிடுகிறார். உண்மையா?

பதில்: இல்லை. வால்மீகி இராமாயணத்தின் பாலகாண்டத்தில் விசுவாமித்திரரைப் பின்தொடரும் இராமனும் இலக்குவனும் உடும்புத் தோலாலான விரலுறை கட்டியிருந்ததாகவே வருகிறது. 1545இல் இங்கிலாந்தில் ராஜர் ஆஸ்கம் எழுதிய வில்வித்தை நூல், வில்லாளருக்கு வேண்டிய கருவிகளை வரிசைப்படுத்தும்போது முன்கைக் காப்பையும் எய்யும் கையுறையையும் தவறாமல் சேர்க்கிறது. கட்டைவிரலால் இழுத்த துருக்கிய, மங்கோலிய, சீன வில்லாளர்கள் எலும்பிலும் கொம்பிலும் கல்லிலும் வளையங்கள் செய்து அணிந்தார்கள். காய்ப்பு ஏறிய வெறும் விரலால் எய்தவர்களும் இருந்திருப்பார்கள். அதற்காக விரலைக் காப்பது மரபுக்குப் புறம்பாகிவிடாது. இலேசான வில்லில் சில அம்புகளை வெறும் விரலால் எய்து பார்ப்பது நாண் எங்கே படிகிறது என்பதை அறிய நல்ல வழி. அதையே வழக்கமாக்கினால் வலிக்குப் பயந்த விரல்கள் நாணை முன்கூட்டியே விடப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தைப் போக்குவது கடினம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய இரண்டு கையுறைகளும் எனக்குப் பொருந்தவில்லை. ஒன்று இழுக்கும்போது முன்னோக்கி நழுவுகிறது. மற்றது விரலை மடக்கவே விடுவதில்லை. இரண்டிலும் ‘நடுத்தர அளவு’ என்றே அச்சிட்டிருக்கிறது. அளவை எப்படித் தீர்மானிப்பது?

பதில்: கையுறையின் தரம் என்று பேசத் தொடங்கியவுடன் எல்லோரும் தோலின் வகைக்குப் போய்விடுகிறார்கள். பொருந்தாத கூட்டுக்குள் எவ்வளவு உயர்ந்த தோல் இருந்தாலும் பயனில்லை என்பதால், முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கேள்வியைத்தான்.

சிறியது, நடுத்தரம், பெரியது என்னும் அளவுகளுக்குப் பொதுவான இலக்கணம் எதுவும் இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறார். மெல்லிய காகிதப் பட்டையை நடுவிரலின் முதல் கணுவில், அதாவது நகத்துக்கு அடுத்த கணுவில், சுற்றி அளந்து, அந்த எண்ணை அவரவர் அட்டவணையில் தேடுங்கள். மூன்று விரல்களையும் அளப்பது இன்னும் நல்லது, ஏனெனில் சிலருக்கு மோதிர விரல் மிக மெலிந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் நடுவிரலை மட்டும் நம்பி வாங்கினால் மோதிர விரல் கூடு சுழன்றுகொண்டே இருக்கும். கைகள் வெப்பத்திலும் உழைப்பிலும் வீங்கும், குளிரில் சுருங்கும் என்பதால், கொஞ்ச நேரம் எய்து முடித்த பிறகு அளப்பதே சரியான அளவைத் தரும்.

கையில் வந்தபின் சோதிக்கும் முறை இது. விரல்நுனிகள் கூட்டின் முனையைத் தொட வேண்டும்; முனையில் வெற்றிடம் இருந்தால் அந்தத் தோல் மடிந்து நாணுக்கு முன்னால் வந்து நிற்கும். கூட்டின் நீளம் முதல் கணுவைத் தாண்டி, நடுக்கணுவை எட்டாமல் நிற்க வேண்டும். நாண் படியும் இடம் முதல் கணுவின் மடிப்போ அதற்குச் சற்று உள்ளேயோ இருக்கும் என்பதால், அந்தக் கோட்டுக்கு இருபுறமும் தோல் தாராளமாக இருக்க வேண்டும். ஆனால் அது நடுக்கணுவை மூடிவிட்டால் விரல் கொக்கியாக வளையாது. உங்கள் இரண்டாவது கையுறையின் குறை அநேகமாக இதுதான். பிறகு ஒரு துணிப்பட்டையை வளையமாக முடிந்து, இடது கையில் பிடித்து, கையுறை அணிந்த விரல்களால் நாணைப் போலக் கொக்கியிட்டு வலுவாக இழுங்கள். கூடுகள் விரலோடு ஒட்டி நிற்க வேண்டும். அவை சுழன்றாலோ, விரல்நுனி நோக்கி நகர்ந்தாலோ, அளவு பெரியது.

உங்கள் முதல் கையுறை நழுவுவதற்கு அளவைத் தவிர வேறொரு காரணமும் இருக்கலாம். கூடுகளைப் புறங்கை வழியாக மணிக்கட்டோடு இணைக்கும் வார்கள் நீளமாக இருந்தால், கூடு சரியாகப் பொருந்தியிருந்தாலும் கையுறை முன்னோக்கி வரும். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கி அதைச் சரிசெய்யப் பார்த்தால் இரத்த ஓட்டம்தான் தடைப்படும். அதே வார்கள் குட்டையாக இருந்தால், விரலை மடக்கும்போது புறங்கையில் இழுபட்டு விரலை நிமிர்த்தப் பார்க்கும். ஆகவே வார்களின் நீளத்தை, கையை விரித்து வைத்துப் பார்க்காமல், கொக்கியிட்ட நிலையில் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் பக்கிளா வெல்க்ரோவா என்பது அவரவர் விருப்பம். வெல்க்ரோ விரைவில் மாட்டக் கூடியது. ஆனால் நாளடைவில் தூசும் நூலும் சேர்ந்து பிடி தளரும்.

புதிதாக வாங்கும்போது சற்று இறுக்கமானதையே தேர்ந்தெடுங்கள். தோல் நெகிழும். மான் தோல் மிக நெகிழும், மாட்டுத் தோல் அதைவிடக் குறைவாக நெகிழும். வாங்கிய அன்றே வசதியாக இருக்கும் மான்தோல் கையுறை, சில வாரங்களில் தொளதொளத்துப் போவதற்கு வாய்ப்பு மிகுதி.

கேள்வி: மாட்டுத் தோல், மான் தோல், கோர்டோவன், நைலான் வைத்துத் தைத்தது என்று பலவகை விளம்பரங்களைப் பார்க்கிறேன். 40 பவுண்டு நெடுவில்லுக்கு எது ஏற்றது? தோல் தரமானதா என்று பார்த்தவுடன் எப்படி அறிவது?

பதில்: நாண் படும் இடத்துத் தோலுக்கு மூன்று குணங்கள் வேண்டும்: அடர்த்தி, வழவழப்பு, வளையும் தன்மை. மூன்றும் ஒரே தோலில் நிறைவாக அமைவது அரிது. விலையில் காணும் வேறுபாடு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

கோர்டோவன் என்பது குதிரையின் பிட்டப் பகுதியில், மேல்தோலுக்கு அடியில் உள்ள மிக அடர்ந்த நார்ப்படலத்திலிருந்து எடுத்து, தாவரச் சாறுகளில் பல மாதங்கள் ஊறவைத்துப் பதனிடப்படும் தோல். நாண் இதில் மெதுவாகவே தடம் பதிக்கும். விடுகை மிகத் தூய்மையாக இருக்கும். தொடக்கத்தில் விறைப்பாக இருப்பதால் விரலுக்கு ஏற்பப் படிய நாளாகும். மாட்டுத் தோலில் மேற்பரப்பு சீவப்படாத முழுத்தோல் கிடைத்தால், உங்கள் 40 பவுண்டுக்கு அது தாராளமாகப் போதும். நடுத்தர வில்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் அதையே. மான் தோல் விரலுக்கு மிக இதமானது, நாணின் ஒவ்வொரு அசைவையும் உணர்த்துவது. ஆனால் மென்மையின் காரணமாகவே விரைவில் பள்ளம் விழும். எனவே மான் தோலை உள்ளே வைத்து, நாண் படும் இடத்தில் அடர்ந்த தோலை மேலே தைத்த கையுறைகள் இரண்டின் நன்மையையும் தருகின்றன. கங்காரு தோல் மெல்லியதாக இருந்தும் வலிமை மிக்கது, அதன் நார்கள் மேற்பரப்புக்கு இணையாகச் செல்வதே அதற்குக் காரணம். இலேசான வில்லுக்கு அது நல்ல தேர்வு.

விரல்நுனியில் நைலான் துண்டு வைத்துத் தைத்தவற்றைக் கனமான வில் இழுப்பவர்கள் விரும்புகிறார்கள். நாண் அதில் பதிவதே இல்லை என்பதும், வழுக்கல் மழையிலும் மாறுவதில்லை என்பதும் உண்மை. நாண் எங்கே இருக்கிறது என்ற உணர்வு மங்கிவிடுவதால், பழகுநிலையில் உள்ளவருக்கு அதை நான் கொடுக்க மாட்டேன்.

தடிமனைப் பொறுத்தவரை, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை உள்ள தோல் நடுத்தர வில்களுக்குப் போதுமானது என்பது என் கருத்து. நாணை உணரும்படியும், ஆனால் அது வெட்டுவதுபோல் தோன்றாதபடியும் இருக்க வேண்டும்.

தரத்தை அறிய, விளம்பர வரிகளைவிடத் தோலின் வெட்டு முனை மிகுதியாகச் சொல்லும். முனையில் நார்கள் நெருங்கி ஒரே நிறத்தில் தெரிந்தால் நல்லது. அடுக்கடுக்காகவோ நடுவே துணி தெரியும்படியோ இருந்தால் அது தோல்தூளை ஒட்டிச் செய்த பொருளாக இருக்கலாம். நாண் படும் பகுதியை வெளிப்புறமாக வளைத்துப் பாருங்கள். மேலே பூசிய வண்ணப் படலம் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்தால், அந்தப் படலம் சில நூறு அம்புகளில் உரிந்து, அதன் கீழே உள்ள சொரசொரப்பு வெளிவரும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கும்போது மேற்பரப்பு தளர்ந்து சுருக்கங்களாகத் திரண்டால், அது விலங்கின் வயிற்றுப் பகுதித் தோலாக இருக்க வாய்ப்புண்டு. சுமை தாங்கும் வேலைக்கு அது உதவாது.

அடுத்தது தையல். விரலின் உட்பக்கத்தில், நாண் கடந்து செல்லும் பாதையில், ஒரு தையல்கூட இருக்கக் கூடாது. நாண் அதில் இடறும், நூலும் அறுந்துபோகும். தையல் விரலின் பக்கவாட்டிலோ புறப்பக்கத்திலோ இருக்க வேண்டும். கூட்டுக்குள் சிறுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள்: உள்ளே தடித்த விளிம்பு இருந்தால் அது நகத்தின் ஓரத்தை உரசிப் புண்ணாக்கும். இணையத்தில் வாங்குபவர்கள் புறங்கைப் படத்தை மட்டும் காட்டும் கடைகளிடம், உட்பக்கத்துப் படத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. கையுறையின் அழகெல்லாம் புறங்கையில்தான் இருக்கும், வேலை முழுவதும் மறுபக்கத்தில்.

கேள்வி: 45 பவுண்டு வில். ஓர் அமர்வு எய்து முடித்தால் நடுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் கொப்புளம் வேறு. இதைவிடத் தடித்த கையுறைக்கு மாறலாமா?

பதில்: உடனே மாற வேண்டாம். ஒவ்வொரு விரலின் உட்பக்கத்திலும் இரு ஓரங்களில் நரம்புகள் ஓடுகின்றன. மெல்லிய நாண் அவற்றை மீண்டும் மீண்டும் அழுத்துவதால்தான் மரப்பு வருகிறது. தடித்த தோல் அந்த அழுத்தத்தைச் சற்றுப் பரப்பிக் கொடுக்கும், அவ்வளவே. அழுத்தம் ஏன் அவ்வளவு மிகுதியாக இருக்கிறது என்பதை அது மறைத்துவிடும்.

முதலில் உங்கள் இழுவிசையை உண்மையாகக் கணக்கிடுங்கள். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கு உரியது. அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் இரண்டு அல்லது மூன்று பவுண்டு கூடும் என்பதால், 30 அங்குலம் இழுப்பவரின் விரல்களில் 45 பவுண்டு வில் ஏறத்தாழ 50 பவுண்டாக அமர்கிறது. உடல் அதற்குத் தயாராகும் முன்பே இவ்வளவு கனமான வில்லுக்குத் தாவியிருந்தால், குறை கையுறையில் இல்லை.

இரண்டாவதாக, நாண் எங்கே படிகிறது என்று பாருங்கள். தூய விடுகைக்கு ஆசைப்பட்டு விரல்நுனியில் நாணை வைப்பவர்கள், சதைப்பற்று குறைந்த அந்த இடத்தில் முழுச் சுமையையும் ஏற்றுகிறார்கள். நாண் நழுவாமல் இருக்க விரலை இறுக்கவும் செய்கிறார்கள். முதல் கணுவின் மடிப்பில், அல்லது அதற்குச் சற்று உள்ளே, ஆழமாகக் கொக்கியிட்டால் அதே சுமை மிகக் குறைந்த இறுக்கத்தில் நிற்கும். விடுகையும் கெடாது. மூன்று விரல்களும் சமமாகச் சுமப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நடுவிரல் பெரும்பங்கைத் தாங்குவது இயல்பு. மணிக்கட்டு மேலோ கீழோ வளைந்தால் ஓரத்து விரல்களில் ஒன்று தன் பங்குக்கு மேல் சுமக்கத் தொடங்கும். உங்கள் மோதிர விரல் மரப்பதைப் பார்த்தால், மணிக்கட்டின் வளைவை யாரையாவது பக்கத்தில் நின்று கவனிக்கச் சொல்வது பயன் தரும்.

மூன்றாவதாக, வில்லின் நீளம். குட்டை வில்லை முழுதாக இழுக்கும்போது நாண் கூர்மையான கோணத்தில் மடிந்து, மூன்று விரல்களையும் ஒன்றோடொன்று நெருக்கும். நீண்ட இழுப்புள்ளவர் 60 அங்குலத்துக்கும் குறைவான வில்லை எடுத்தால் இந்த நெருக்கம் நன்றாகவே தெரியும். ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் உள்ள கொப்புளத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: ஆட்காட்டி விரலை அம்புக்கு மேலும், மற்ற இரண்டைக் கீழும் வைத்து இழுக்கும்போது, நெருக்கப்பட்ட விரல்கள் அம்பின் அடிப்பிளவைக் கவ்வுகின்றன. கையுறையில், டேப்பில் உள்ளதுபோல் விரல்களுக்கு நடுவே இடைவெளித் துண்டு இல்லை. அம்பின் அடிக்கும் விரல்களுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டு நாணைப் பிடியுங்கள். அது முடியாவிட்டால் மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைத்துப் பாருங்கள். இந்த மாற்றத்தால் அம்பு கண்ணுக்கு அருகில் வரும், குறியிடும் முறை மாறும், வில்லின் சீரமைப்பையும் திருத்த வேண்டியிருக்கும்.

நாணையும் பாருங்கள். புதுவகை இழைகளில் திரித்த நாண்கள் மிக மெல்லியவை. விரல் படும் நடுப்பகுதியில் சற்றுத் தடித்த நூலைச் சுற்றினால், அழுத்தம் கூடுதல் பரப்பில் பரவும். அம்பின் அடிப்பிளவு அதில் இறுகிவிடாமல் பொருந்துகிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் புதிய கையுறையைவிட இந்தச் சிறிய திருத்தம் மிகுந்த இதம் தருகிறது.

இவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகும் அழுத்தம் தாளவில்லை என்றால், அடர்ந்த தோல் கையுறைக்குப் போகலாம். மரப்பு ஓய்வுக்குப் பிறகும் நீங்காமல் மறுநாளும் தொடர்ந்தால், எய்வதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சுண்டுவிரலும் சேர்ந்து மரத்தால் அதைக் கட்டாயம் அவரிடம் சொல்லுங்கள். சுண்டுவிரல் நாணைத் தொடுவதே இல்லை. அதற்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் செல்லும் நரம்பு முழங்கை வழியாக வருவதால், காரணம் விரலுக்கு வெகு தொலைவில் இருக்கக்கூடும்.

கேள்வி: நான் இடக்கைக்காரன். வலக்கைக் கையுறையைத் திருப்பி அணியலாமா?

பதில்: புறங்கையில் வார்கள் மட்டும் உள்ள சில எளிய கையுறைகள் இரு கைகளுக்கும் பொருந்தும், தயாரிப்பாளர் அப்படிக் குறிப்பிட்டிருந்தால் அணியலாம். விரல்களின் நீளத்துக்கேற்பக் கூடுகளை வெட்டித் தைத்தவற்றைத் திருப்பினால், ஆட்காட்டி விரல் கூடு மோதிர விரலுக்குப் போய்விடும். இடக்கை என்று முடிவு செய்யும் முன், குறி பார்ப்பதில் எந்தக் கண் ஓங்கியது என்று சோதித்தீர்களா? இடக்கைக்காரர்களில் வலக்கண் ஓங்கியவர்களும் உண்டு. அவர்கள் வலக்கையால் நாணை இழுப்பதே எளிது.

கேள்வி: என் கையுறையில் நாண் படும் இடத்தில் கோடு விழுந்து, இப்போது பள்ளமாகவே ஆகிவிட்டது. விரல் அந்தப் பள்ளத்தில் தானாகப் போய் அமர்வதால் வசதியாக இருக்கிறது. இருந்தும் அம்புகள் பக்கவாட்டில் சிதறுகின்றன. தொடர்பு உண்டா? எண்ணெய் பூசினால் சரியாகுமா?

பதில்: தொடர்பு உண்டு. மெல்லிய கோடு நல்லதே, நாணை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைக்க அது வழிகாட்டுகிறது. அது பள்ளமாகி, விரல்நுனிப் பக்கத்தில் ஒரு விளிம்பும் எழுந்துவிட்டால், நாண் வெளியேறும்போது அந்த விளிம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கிறது. மூன்று விரல்களிலும் பள்ளம் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை; எனவே நாண் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் பக்கவாட்டில் தள்ளப்பட்டு அம்பும் விலகுகிறது. நகத்தை அந்த விளிம்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் தடைப்பட்டு நின்றால் அந்தக் கையுறையின் காலம் முடிந்துவிட்டது.

எண்ணெய் பூசாதீர்கள். எண்ணெய் தோலை மென்மையாக்கும். மென்மையான தோலில் பள்ளம் மேலும் ஆழமாகும், ஒட்டும் தன்மையும் கூடும். காலணிக்குப் பூசும் நெய்ப்புகளும் இதே தீங்கைச் செய்கின்றன. நாண் படும் பரப்பு வழுக்குவதற்கு முகப்பவுடர் போன்ற டால்க் தூள் சிறிதளவு போதும். எய்து முடித்ததும் ஈரத்துணியால் வியர்வை உப்பைத் துடைத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மழையில் நனைந்துவிட்டால் கூடுகளுக்குள் காகிதத்தைச் சுருட்டித் திணித்து மெதுவாக உலர விட வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தினால் தோல் சுருங்கி, பிறகு வளைக்கும்போது வெடித்துவிடும். நனைந்த தோலால் எய்வதையும் தவிர்க்கவும். ஈரமாக இருக்கும்போது நாண் பதிக்கும் தடம் உலர்ந்த பின்னும் அப்படியே நிற்கும், தாவரச் சாற்றில் பதனிட்ட தோலில் குறிப்பாக.

கேள்வி: குதிரை வீரர்கள் பயன்படுத்திய வகையைச் சேர்ந்த குட்டை வில் ஒன்று வாங்கியிருக்கிறேன். என்னிடம் உள்ள மூன்று விரல் கையுறையே போதுமா?

பதில்: இழுக்க முடியும், ஆனால் மேலே சொன்ன விரல் நெருக்கம் இங்கே உச்சத்துக்குப் போகும். அந்த வில்கள் கட்டைவிரல் இழுப்புக்காகவே வடிவமைக்கப்பட்டவை. நாணைக் கட்டைவிரல் ஒன்றே வளைத்துப் பிடிக்க, ஆட்காட்டி விரல் அதன் மேல் பூட்டாக அமர்கிறது. நாண் ஒரே ஒரு விரலில் மடிவதால் எவ்வளவு கூர்மையான கோணமும் தொல்லை தருவதில்லை. வலக்கைக்காரர் அம்பை வில்லின் வலப்பக்கம் வைக்க வேண்டும் என்பதால், முழு முறையையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். தொடக்கத்தில் கட்டைவிரலுக்கான தோலுறை ஒன்றை அணிந்து பழகி, கணுவின் அளவு உறுதியான பிறகு வளையத்துக்குப் போகலாம். ஜப்பானிய வில்முறையில் அணியும் யுகாகே என்னும் மான்தோல் கையுறையைச் சிலர் இதற்கு வாங்குகிறார்கள். அதன் விறைத்த கட்டைவிரலும் அடியில் உள்ள நாண் பள்ளமும் அந்த முறைக்கே உரியவை. குட்டை வில்லுக்கு அது உதவாது.

கேள்வி: அடுத்த வாரம் எனக்கு முதல் போட்டி. பழைய கையுறை தேய்ந்துவிட்டதால் புதியது வாங்கிவிட்டேன். அதை அணிந்து போகலாமா?

பதில்: தோலின் தடிமனும் விறைப்பும் மாறினால், நாண் விரலை விட்டுப் போகும் விதமும், தாடையில் கை நிலைகொள்ளும் இடமும் மயிரிழை அளவேனும் மாறும், அம்பு தைக்கும் இடமும் அதற்கேற்ப மாறும். புதிய கையுறை விரலுக்குப் படிந்து, அதன் போக்கு உங்களுக்குப் பிடிபட, நூற்றுக்கணக்கான அம்புகள் தேவைப்படும். இலேசான வில்லில், இலக்கை அருகில் வைத்து, குறியைப் பற்றிய கவலையில்லாமல் விடுகையை மட்டும் பழகுவது அதற்கு நல்ல வழி; ஒரு வாரத்தில் அவ்வளவையும் திணித்தால் விரல்கள்தான் புண்ணாகும். இனி வாங்கும்போது ஒரே வகையில் இரண்டை வாங்கி, இரண்டையும் மாறி மாறி அணிந்து ஒன்றாகத் தேயவிடுங்கள். இப்போதைக்குப் பழைய கையுறையின் பள்ளத்தை நகத்தால் சோதித்துப் பாருங்கள். நகம் தடைப்படாமல் ஓடினால் கொஞ்சம் டால்க் தூளைத் தடவி, போட்டிக்கு அதையே அணிந்து போங்கள். புதியதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.